முப்பதுக்கு ஒன்பது

எட்டாங்கட்டைத் தோட்டம்,
ரெம்பியா.
6.3.1994

அன்புள்ள புனிதாவுக்கு அண்ணி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அண்ணனும் பிள்ளை சாந்தியும் நலம். புக்கிட் காத்தில் அறையில் நீ ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை மீ நூடுல்ஸ் பாக்கெட்டைக் கொதிக்க வைத்தே காலத்தை ஓட்டுகிறாயா என்று எழுது.

நேற்று உன் ஆபீஸ் ஆட்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆய்வு என்றால் ஏதோ இரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்தோம். கேள்வி கேட்கிறார்களாம். வெளிநாட்டில் பிறந்து இங்கே வாழ வந்த பெண்களுக்கு உடம்பைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளக்கிறார்களாம். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி. அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கோயில் கூடத்துக்கு வரவேண்டும் என்று காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதே சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் பதினொரு பேர் போனோம். பர்மிட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்கள் மூன்று பேரும் வந்தார்கள். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இன்னும் வாழ வந்தவள்தான் போலிருக்கிறது.

வந்த பெண்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வராது. கேள்விப் பாரம் மலாயில். எங்களுக்கு மலாய் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். அதனால் களைக்கொல்லி மருந்து அடிக்கும் எங்கள் கூட்டத்தை மேய்க்கும் மண்டோரான வீரப்பன் மாமா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அந்தப் பெண் ஒரு பக்கம் முழுக்க வாசிப்பாள். மாமா வாயில் அது ஒரு வரியாக வரும். "இந்தா, உடம்பு நல்லாதானே இருக்கு? ஆமான்னு சொல்லுலா, அடுத்த ஆளு நிக்கிது."

முத்தாயி அக்காவிடம் ஏதோ வைட்டமின் பற்றிக் கேட்டார்கள். "அது எந்தக் கடையில விக்குது மண்டோரே, நம்ம கூட்டுறவுக் கடையில இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தோம். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டும் சோப்பும் கொடுத்தார்கள்.

நீதானே ஆபீஸில் அந்தப் பாரங்களைப் பார்க்கிற ஆள். எனக்கு எத்தனை மார்க்? ஊரில் பத்தாம் வகுப்புவரை படித்தவள் நான். பரீட்சை எழுதிவிட்டு மார்க் தெரியாமல் இருக்க முடியாது. எழுது.

உன் அண்ணி,
பெரியநாயகி

---

புக்கிட் காத்தில்,
20.3.1994

மதிப்புள்ள அண்ணிக்கு வணக்கம். நான் நலம். அண்ணனும் சாந்தியும் நீங்களும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. சமைத்துத்தான் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

ஆய்வில் தனித்தனியாக யாருக்கும் மார்க் சொல்வதில்லை அண்ணி. உயர்வு, நடுத்தரம், குறைவு என்று மூன்று பிரிவுகள். அதையும் தோட்டம் வாரியாகத்தான் வெளியிடுவோம். அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்கள் பலவும் குறைவுப் பிரிவில்தான் வருகின்றன, நம் தோட்டமும் அதில்தான் இருக்கிறது. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. எங்கே உதவி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலை.

வேலை அதிகம். சித்திரைக்கு வரமுடியுமா என்று தெரியவில்லை. ஏதாவது அவசரம் என்றாலும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மேசையில் இருக்கும் போனில் கூப்பிட வேண்டாம், அங்கே பேசினால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். கடிதமே போடுங்கள்.

அன்புடன்,
புனிதா

---

எட்டாங்கட்டைத் தோட்டம்,
27.3.1994

அன்புள்ள புனிதா, நலம் கேட்டிருந்தாய், எல்லாரும் நலம்தான். நீயும் அப்படியே இரு.

குறைவு என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு குறைவு? உப்பு குறைவு என்றால் ஒரு சிட்டிகையா ஒரு கைப்பிடியா என்று சொல்ல வேண்டாமா? தோட்டம் வாரியாக என்கிறாய். நான் தோட்டம் இல்லை. எனக்குப் பெயர் இருக்கிறது.

உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்த வருடம் நினைவிருக்கிறதா? நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் உன் அண்ணன் 'பிழைத்துவிட்டாள்' என்று தேங்காய் உடைக்கப் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரும் சரியாகிவிட்டது என்றார். காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து, கை கால் சில்லிட்டிருக்கிறது பாருங்கள் என்று சண்டை போட்டு, லாரி பிடித்து, உன்னை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது யார்? இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை நீயும் படுக்கையில் கிடந்து கேட்டாய்தானே? அதற்கு உங்கள் பாரத்தில் எத்தனை மார்க்?

எண்ணைச் சொல். ரெம்பியாவிலிருந்து உன் அறைக்கு இரண்டு பஸ். நீ வரமாட்டேன் என்றால் நான் வந்து நிற்பேன்.

பெரியநாயகி

---

புக்கிட் காத்தில்,
1.5.1994

மதிப்புள்ள அண்ணிக்கு, வணக்கம். நலம். உங்கள் நலமும் அண்ணன் நலமும் அறிய விருப்பம். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். பலமுறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

உங்கள் மார்க் முப்பதுக்கு ஒன்பது.

சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லிவிட்டேன். வைட்டமின், இரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளில் சில போயின. ஆனால் அதிகம் போனது பதினான்காம் கேள்வியில். 'இப்போது உங்களுக்கு ஏதாவது உடல்கோளாறு இருக்கிறதா?' தோட்டத்தில் பதினான்கு பேரும் 'இல்லை, சௌக்கியம்' என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பாரத்தில் கேட்ட பெண் ஓரத்தில் குறித்திருக்கிறாள்: இடது கைப் பெருவிரலில் நகம் இல்லை, விரல்கள் கறுத்திருக்கின்றன, மூக்கோரம் காய்ந்த இரத்தம். நோய் இருந்தும் அதை நோய் என்று அறியாதவர் என்று அதற்குச் சைபர். அதைத் தொட்டு வரும் பன்னிரண்டு கேள்விகளுக்கும் சைபர்.

ஜூன் எட்டாம் தேதி மலாக்காவில் கூட்டம். தோட்ட நிர்வாகங்கள், சுகாதாரத் துறை, தொழிலாளர் துறை எல்லாரும் வருகிறார்கள். பெண்கள் நோயில் விழுவதற்கு முதல் காரணம் அவர்களுடைய அறியாமை என்று அறிக்கையில் வருகிறது. நிர்வாகம் மாதம் ஒரு சுகாதார வகுப்பும் சோப்பும் தரும். மருந்து அடிக்கும் வேலையில் மாற்றம் எதுவும் தேவைப்படாது.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

புனிதா

---

எட்டாங்கட்டைத் தோட்டம்,
8.5.1994

புனிதா, நான் நலமாக இல்லை.

என் கடிதம் இப்படித் தொடங்கி நீ பார்த்திருக்கமாட்டாய். நானும் எழுதியதில்லை. என் அப்பா இறந்த செய்தியை ஊரிலிருந்து எழுதியவர்கள்கூட 'இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்' என்று போட்டுவிட்டுத்தான் அடுத்த வரியில் சாவைச் சொன்னார்கள். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். கையில் பையோடு வந்தவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சௌக்கியம் என்போம். வீடு தேடி வந்தவர்களிடம் புண்ணைத் திறந்து காட்டுவதா? அது மரியாதை. அதைப் போய் அறியாமை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. நடுவில் உட்கார்ந்திருந்தவர் வீரப்பன் மாமா. நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று சொல்கிறவர். அவர் வாய் வழியாகவே அவர் கொடுக்கும் வேலையால் என் நகம் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள். என் இடது கையில் இரண்டு நகம் இல்லை. முளைக்கிறது, மறுபடி கறுக்கிறது, மறுபடி விழுகிறது. மருந்து அடிக்கும் வாரத்தில் மூன்று நாளாவது மூக்கில் இரத்தம் வரும். எங்கள் கூட்டத்தில் இருபத்திரண்டு பேர், அதில் பதினாறு பேருக்கு அப்படி. முத்தாயி அக்காவுக்குப் படி ஏறினால் மூச்சு நிற்கிறது. டிரெசரிடம் போனால் வெள்ளை மாத்திரை நாலு. கையுறை கேட்டோம், ஆர்டர் போட்டிருக்கிறது என்றார்கள். அது போன தீபாவளிக்கு முன்பு.

எது நோய் என்று எங்களுக்குத் தெரியும். எதனால் என்றும் தெரியும். மார்க் போட்டவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அந்த அறிக்கை அப்படியே போனால் சோப்பைக் கையில் கொடுத்து இதே மருந்துப் பம்பை முதுகில் ஏற்றுவார்கள். நான் அதற்கு விடுவதாக இல்லை.

பெரியநாயகி

---

புக்கிட் காத்தில்,
13.5.1994

அண்ணி,

மார்க் போட்டது நான்தான்.

நம் தோட்டத்துப் பாரங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. சொந்தக்காரர்கள் பாரம் வந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நானே பார்க்கலாம் என்று ஆசை. விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். சைபர் போடும் இடம் வந்ததும் விதியை இரண்டு முறை படித்தேன். ஆனால் போட்டேன். சித்திரைக்கு வராதது வேலையால் இல்லை.

வந்து பேச என்னால் இப்போது முடியாது. நீங்கள் கேட்க நினைக்கும் வார்த்தையைக் கடிதத்திலேயே கேளுங்கள்.

எழுதிய பதில்களை மாற்றமுடியாது. ஆனால் அறிக்கையோடு இணைப்பு வைக்கலாம். மருந்து வரும் டிரம்மில் என்ன அச்சடித்திருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லியிருக்கிறார்களா? அதை எனக்கு எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள், தெரியாததையும் எழுதுங்கள்.

இன்னொன்று. இருபத்திரண்டாம் கேள்வி உங்கள் பாரத்தில் மட்டும் காலியாக இருக்கிறது. கலைந்த கர்ப்பம் எத்தனை என்பது கேள்வி. மற்றவர்கள் ஒரு எண்ணாவது சொல்லியிருக்கிறார்கள். சாந்தியைத் தவிர வேறு பிள்ளை உண்டாகவில்லை என்பதால் விட்டுவிட்டீர்களா?

புனிதா

---

எட்டாங்கட்டைத் தோட்டம்,
29.5.1994

அன்புள்ள புனிதா,

உன் கடிதத்தை மூன்று நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். கோபம் ஆறவில்லை. ஆனாலும் நீதான் என்று நீயே சொன்னாய் பார், அதனால் பதில் எழுதுகிறேன். கேட்க நினைத்த வார்த்தையை நேரில் கேட்கிறேன்.

டிரம்மில் இருப்பது இங்கிலீஷும் மலாயும். எழுத்து எறும்பு அளவு. எங்கள் கூட்டத்தில் சுமியாத்தி என்று ஓர் இந்தோனேசியப் பெண், பள்ளிக்கூடம் போனவள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்குப் பின்னால் காலி டிரம்மை உருட்டி வந்து வைத்தோம். அவள் வரி வரியாகப் படித்து, கையால் காட்டி, பாசார் மலாயில் உடைத்துச் சொன்னாள். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. கையுறை, மூக்குமூடி, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் தொடக்கூடாது. காற்றுக்கு எதிரே அடிக்கக்கூடாது. உடம்பில் பட்ட துணியோடு இருக்கக்கூடாது. நாங்கள் சொன்னால் முனகல் என்பார்கள், இங்கே அச்சிலேயே இருக்கிறது.

எங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இருந்தது. காலி டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கவே கூடாதாம். எத்தனை முறை கழுவினாலும் கூடாதாம். லயத்தில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறையில் அந்த டிரம்தான் நிற்கிறது. நம் வீட்டிலும் எத்தனையோ வருடமாக நிற்கிறது. அன்றைக்கே கவிழ்த்தேன். அதற்கு எனக்குச் சைபர் போடு. அது நியாயமான சைபர்.

பிறகு யோசித்தேன். எங்களை மட்டும் ஏன் அளக்க வேண்டும்? அடுத்த நாள் காலைப் பெரட்டில் மானேஜர் துரையும் டிரெசரும் வீரப்பன் மாமாவும் ஒன்றாக நின்றார்கள். இந்தத் துரை புதிது, நம்ம ஆள்தான், தைப்பிங் பக்கம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் முன்னால் போனேன். முந்தின இரவு எழுதிய பேப்பரைக் கையில் பிடித்திருந்தேன்.

"ஐயா, ஒங்களுக்குப் பத்துக் கேள்வி இருக்கு. மூணு பேரும் பதில் சொல்லணும்" என்றேன்.

"என்னம்மா இது, வெளயாட்டா?" என்றார் துரை.

"எங்களுக்கு முப்பது கேள்வி கேட்டாங்க, நாங்க ஒக்காந்து சொன்னோம். ஒங்களுக்குப் பத்துதான்லா."

முத்தாயி அக்கா பம்பைக் கீழே வைத்தார். அதைப் பார்த்து எல்லாரும் வைத்தார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கேளுங்கள் என்றார்.

நிரம்பிய பம்பு எத்தனை கிலோ? ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை பம்பு சுமக்கிறாள்? மூன்றாம் டிவிஷன் மேட்டில் காற்று எத்தனை மணிக்குத் திரும்பும்? கண்ணில் பட்டால் எவ்வளவு நேரம் கழுவ வேண்டும், பதினாலாம் நம்பர் நிரையிலிருந்து கழுவுகிற தண்ணீர் எவ்வளவு தூரம்? விழுந்த நகம் முளைக்க எத்தனை மாதம்? இங்கே நிற்கிறவர்களில் மூக்கில் இரத்தம் வருகிறவர்கள் எத்தனை பேர்? காலி டிரம்மை என்ன செய்யச் சொல்லி டிரம்மிலேயே எழுதியிருக்கிறது? இப்படிப் பத்து.

துரைக்கு இரண்டு. டிரெசருக்கு மூன்று. வீரப்பன் மாமாவுக்கு ஆறு. மாமாவும் ஒரு காலத்தில் பம்பு சுமந்தவர்தானே. ஆறு வாங்கியதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம், உடனே துரையைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பேப்பரில் மூன்று பேர் பெயரையும் எழுதி மார்க் போட்டு, துரை பெயருக்கு எதிரே 'குறைவு' என்று எழுதினேன். இருபத்திரண்டு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறோம். இதோடு வைத்திருக்கிறேன். உன் கூட்டத்தில் கொடு.

அண்ணி

---

புக்கிட் காத்தில்,
12.6.1994

அன்புள்ள அண்ணிக்கு, நான் சுமார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் பேப்பரையும் டிரம் விவரத்தையும் மலாயில் பெயர்த்து டைப் அடித்து, இருபத்தைந்து அறிக்கைப் பிரதிகளிலும் கடைசிப் பக்கமாகச் சேர்த்துவிட்டேன். ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் நான் பேசுகிற ஆள் இல்லை, வாசலில் நின்று பேப்பர் கொடுக்கிற ஆள். அறியாமை பற்றி டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒருவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். பிறகு ஹால் முழுக்கப் பக்கம் திரும்பும் சத்தம். நம் தோட்டத்துத் துரை மூன்றாம் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தொழிலாளர் துறையிலிருந்து வந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கேட்டார்: "இந்தப் பெண்களிடம் கேள்வி கேட்கும்போது நடுவில் யார் உட்கார்ந்திருந்தார்?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மண்டோர் என்றேன். பெரியவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது காரில் டாக்டரம்மா சொன்னார், "நீ கேட்டிருந்தா நானே சேத்திருப்பேன் புனிதா."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க டாக்டர்" என்றேன்.

அயர் குரோ வந்ததும் அவர் காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு, நம் தோட்டத்துப் பதினான்கு பாரங்களையும் தள்ளி வைப்பதாகவும், மண்டோர் இல்லாமல் தமிழ் தெரிந்த பெண்ணை வைத்து மறுபடி கேட்பதாகவும் சொன்னார். அறியாமை என்ற வரியை அடித்துவிட்டார். நல்ல மனுஷிதான் அண்ணி. விதிப்புத்தகத்தை எழுதியவரும் அவர்தான்.

மறுபடி கேட்கும்போது இருபத்திரண்டாம் கேள்வியும் வரும். நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

புனிதா

---

எட்டாங்கட்டைத் தோட்டம்,
19.6.1994

புனிதா,

கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் துரை ஒரு பேப்பரோடு வந்தார். மலாயில் ஒரு பக்கம். எல்லாரும் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார் கிராணி. சுமியாத்தி படித்தாள். 'மருந்தின் ஆபத்து எனக்கு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன், என் உடம்புக்கு நானே பொறுப்பு.' நேற்றுவரை எங்களுக்கு எதுவும் தெரியாது என்றவர்கள் இன்றைக்கு எல்லாம் தெரியும் என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். முத்தாயி அக்கா பெருவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். ஒருவரும் வைக்கவில்லை. ஒன்பது நாளாகப் பம்பைத் தொடவில்லை. கத்தியால் களை வெட்டுகிறோம், லாலாங் புல் இடுப்புயரம் நிற்கிறது. உன் அண்ணன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். ஆனால் வைக்கமாட்டேன்.

இருபத்திரண்டாம் கேள்வி.

அந்தப் பெண் அதை வாசித்ததும் வீரப்பன் மாமா, "அதெல்லாம் பொம்பளங்ககிட்ட கேக்காதீங்க" என்று கையை ஆட்டினார். மற்றவர்களிடம் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர் வெற்றிலை துப்ப வெளியே போய்விடுவார், அந்தப் பெண் வயிற்றைத் தொட்டுக் காட்டி விரல்விட்டுக் கேட்பாள். என் முறையின்போது உள்ளே இருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு.

முதலாவது எண்பத்தாறில், ஐந்து மாதம். நீ எஸ்.பி.எம். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அண்ணிக்கு வயிற்றுவலி என்று உன்னிடம் சொல்லச் சொன்னேன். நீ பாடத்தைப் படித்துக்கொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றினாய். இரண்டாவது எண்பத்தொன்பதில், நாலு மாதம். அப்போது நீ டவுனில் இருந்தாய். இரண்டு முறையும் நான் பம்பு சுமந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு முறையும் அந்த டிரம் தண்ணீரில்தான் குளித்தேன்.

பம்பாலா, தண்ணீராலா, இரண்டாலும் இல்லையா? எனக்குத் தெரியாது. இந்த 'தெரியாது'க்கும் எனக்கே சைபர் போடாதே. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இல்லை. டிரம்மைச் செய்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நாலு மாத்திரை கொடுத்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அந்தச் சைபரை யார் பெயருக்கு எதிரே போடுவது என்று நீ முடிவு செய்.

நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அழுது முடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. இது கோபம்.

அண்ணி

---

புக்கிட் காத்தில்,
24.6.1994

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று வந்தது. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கஞ்சி ஊற்றியது நினைவிருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றியிருக்கிறேன்.

போன கடிதத்தில் ஒன்று எழுதவில்லை. இந்த மாத முடிவோடு என் வேலை முடிகிறது, நீட்டிக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. பாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மறுபடி கேட்கப் போகிற பெண் நான்தான், அதுதான் என் கடைசி வேலை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கேட்க வேண்டிய வார்த்தையை நேரில் கேளுங்கள்.

புனிதா

---

எட்டாங்கட்டைத் தோட்டம்,
10.7.1994

அன்புள்ள புனிதா,

கடைசியாக மூக்கில் இரத்தம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நகம் இன்னும் முளைக்கவில்லை. முத்தாயி அக்காவுக்கு மூச்சு அப்படியேதான், பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாந்தி நலம், அண்ணன் நலம். இப்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் எழுதுகிறேன். நீ புதிய வேலைக்குப் புக்கிட் ரம்பாய் பாக்டரியில் மனுப் போட்டாயா?

கேட்க வைத்திருந்த வார்த்தையை, நீ வந்து தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிட்டேன். நீ மூன்று நாள் எங்களோடு கூடத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டுப் போனபிறகு தொழிலாளர் துறைப் பெரியவர் வந்தார். நேராக ஸ்டோருக்குப் போனார். துரை முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் கையுறையும் மூக்குமூடியும் பூட்ஸும் லாரியில் வந்து இறங்கின. பூட்ஸ் எல்லாம் ஆம்பிளைக் கால் அளவு, உள்ளே துணி திணித்துப் போடுகிறோம். கைநாட்டுப் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காலி டிரம்கள் எல்லாவற்றையும் லயத்திலிருந்து வாங்கி ஓட்டை போட்டுவிட்டார்கள். பிள்ளை வயிற்றில் இருப்பவளுக்குப் பம்பு கிடையாது. இது துரை வாயால் சொன்னதுதான், எழுதித் தரவில்லை. அதை எழுதி வாங்காமல் விடப்போவதில்லை.

டிரம்மில் இருப்பதைத் தமிழில் எழுதி ஸ்டோர் வாசலில் மாட்டவேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸில் யாருக்கும் அவ்வளவு தமிழ் எழுத வராது. கிராணி வந்து, "அக்கா, துரை கூப்புடுறாரு, ஒங்க கையெழுத்து நல்லாருக்காம்" என்றார். குறைவு என்று அவர் பெயருக்கு எதிரே எழுதிய கையெழுத்துதானே. பலகையும் கறுப்புப் பெயிண்டும் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பெரிய எழுத்தில் எழுதினேன். கடைசியில் டிரம்மில் இல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: 'வாசிக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும், இதைச் சத்தமாக வாசித்துக் காட்டும்வரை யாரும் பம்பைத் தூக்க வேண்டாம்.'

"இது டிரம்முல இல்லையே" என்றார் கிராணி.

"இல்லாததாலதான் எழுதுனேன்" என்றேன்.

துரை வந்து நின்று பார்த்தார். பெயிண்ட் காய்ந்துவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டு முடிந்ததும் வீரப்பன் மாமா வழக்கம்போல, "ம், தூக்குங்க தூக்குங்க" என்றார். யாரும் குனியவில்லை. முத்தாயி அக்கா மட்டும் இரண்டடி முன்னால் வந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மண்டோரே. படிச்சுக் காட்டுங்க."

"பெரியநாயகிதான எழுதுனா, அது படிக்கட்டும்லா."

"அவ படிச்சா அவளுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமான்னு தெரியணும்" என்றார் முத்தாயி அக்கா.

மாமா என்னைப் பார்த்தார். நான் பலகையைக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர், எழுத்துக் கூட்டித்தான் படித்தார். நடுவில் தடுக்கியபோது நின்றார், மறுபடி தொடங்கினார். அவர் கடைசி வரியையும் படித்து முடிக்கும்வரை இருபத்திரண்டு பேரில் ஒருத்தியும் பம்பைத் தொடவில்லை.

உன் அண்ணி,
பெரியநாயகி